கொலுவுக்குப் போன ஓடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கையெழுத்தும் மளிகைச் சாமான் சீட்டும்தான். இப்போது மறதி வேறு சேர்ந்துகொண்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, எதற்குச் சமையல்கட்டுக்கு வந்தோம் என்று நின்று யோசிக்கிறேன். ஆகவே நான் சொல்வது முன்பின்னாக இருந்தால் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். நம் தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து போடும் மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று திவ்யா விடாமல் கேட்டாள். கடையில் என் நாற்காலியில் இப்போது உட்காருகிறவள் அவள். நடுவில் சில வருடம் உரிக்கிற வேலை இல்லாமல் இருந்ததாம். டிஸ்க் விலை ஏறிவிட்டதால் இப்போது மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார்களாம்.

உரிப்பது என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்கு உள்ளே வைக்கிற ஹார்டு டிஸ்க் தனியாக விற்கிறது. அதே டிஸ்கைக் கறுப்பு பிளாஸ்டிக் ஓட்டுக்குள் போட்டு, ஒரு சின்ன போர்டு, ஒயர், அடாப்டர், வழவழவென்று ஓர் அட்டைப் பெட்டி எல்லாம் சேர்த்து, கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லியும் விற்கிறார்கள். இவ்வளவும் சேர்ந்ததுதான் விலை குறைவு. ஒன்றும் சேராதது விலை அதிகம். மார்க்கெட்டில் உரித்த பூண்டு விலை கூடுதல், அதில் ஒரு நியாயம் இருக்கிறது, உரித்தவளுக்குக் கூலி வேண்டும். இங்கே யாரும் எதையும் உரிக்கவில்லை. தோலே இல்லாமல் பிறந்த பூண்டுக்குத் தோல் உள்ள பூண்டைவிட விலை அதிகம். ஏன் என்று நான் பலரிடம் கேட்டேன். எல்லோரும் நீளமாகப் பதில் சொன்னார்கள். ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. எப்படியோ, அந்தக் குழப்பத்தில்தான் என் சோறு இருந்தது.

எங்கள் கடை பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. நகைக்கடைகளுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் கேமரா மாட்டிக் கொடுப்போம். கேமரா பார்ப்பதையெல்லாம் பிடித்துவைக்க டிஸ்க் வேண்டும். அதனால் கடைக்காரர் எக்ஸ்டர்னல் என்கிற ஓடு போட்ட டிஸ்காக வாங்குவார், உரித்து உள்ளே வைப்பார். யார் என்ன புடவை எடுத்தார்கள், எதை எடுக்காமல் கலைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள் என்று தி. நகர் முழுக்க என் கை பட்ட டிஸ்கில்தான் பதிவானது. அதை யாரும் திரும்பப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் அங்கே பெருக்கத்தான் சேர்ந்தேன். அதற்கு முன்னால் பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். கடையில் அப்போது சீனுதான் ஓடு திறப்பான். நல்ல மெக்கானிக், ஆனால் பொறுமை கிடையாது. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்புவான், கொக்கிகள் பட்பட்டென்று உடைந்து தெறிக்கும். அவற்றைப் பெருக்கிப் பெருக்கியே ஓட்டுக்கு எங்கெங்கே கொக்கி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோனது. ஒரு நாள் மத்தியானம் அவன் சாப்பிடப் போனபோது ஒன்றைத் திறந்து வைத்தேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான். சீனு வந்து பார்த்துவிட்டு, "இன்னா செசிலிம்மா, இறால் டிபார்ட்மென்ட்ட இங்க ஆரம்பிச்சிட்டியா?" என்றான். அன்றிலிருந்து அந்த வேலை என் தலையில் விழுந்தது. பெருக்குகிற வேலையும் போகவில்லை.

கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். தெற்கத்திக்காரர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எதுவும் இருக்காது. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் யார்மேல் கோபமோ அவருக்கு ஒரு டீ சொல்லுவார். "இவங்களுக்கு ஒரு டீ" என்று தெருப்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு, டீ வந்து, குடித்து, கிளாஸைக் கீழே வைக்கும்வரை பேசமாட்டார். அதற்குள் குடித்தவருக்குத் தான் செய்தது எல்லாம் ஞாபகம் வந்துவிடும். நாங்கள் திட்டுக்குப் பயந்ததில்லை, டீக்குத்தான் பயந்தோம்.

அவருக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, விளக்கு வைக்கிற நேரத்தில் மேஜைகள் வெறுமையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லட்சுமி வந்து எங்கே உட்காருவாள் என்பார். இன்னொன்று, கம்ப்யூட்டர் எது கேட்டாலும் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். "வேணும்னா அது மறுபடி கேக்கும்லா? நீ எதுக்குல அவசரப்படுத?" என்று சீனுவிடம் சொல்லுவார். முதல் சட்டத்தால் வந்த வினையையும் இரண்டாவது சட்டம் அதைப் பாதியில் காப்பாற்றியதையும் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் வேலையைப் பற்றிக் கொஞ்சம்.

வாங்கிய எக்ஸ்டர்னலை உடனே உரிக்கக் கூடாது. ஓட்டோடு ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். டிக் டிக் என்று சத்தம் வந்தால் அப்படியே கம்பெனிக்குத் திருப்பிவிடலாம். திறந்துவிட்டால் அது நம்முடையது. சத்தமில்லை என்று தெரிந்த பிறகு, பழைய ஏ.டி.எம். கார்டை நீளவாக்கில் வெட்டி வைத்திருக்கும் துண்டுகளை ஓட்டின் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் செருக வேண்டும். இரும்பு ஆகாது, ஓட்டில் தழும்பு விழும். ஒரு கொக்கி விட்டதும் அந்த இடத்தில் துண்டை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். எடுத்தால் பழையபடி கடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும், அப்போது மடியில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வேன். எல்லாம் விட்டதும் உள்ளே டிஸ்க், நான்கு மூலைக்கும் ரப்பர் வைத்து, தூங்குகிற குழந்தைக்குத் தலையணை வைத்த மாதிரி இருக்கும். டிஸ்கின் ஓரத்தில் செருகுவதற்கென்று இருக்கும் பல் வரிசையில் ஒரு சின்ன போர்டு செருகியிருக்கும். அதைக் கழற்றி, அதன் ஓட்டிலேயே பள்ளத்தில் உட்கார வைத்து, ஓட்டை மூடிவிடுவேன். திருகு போட மாட்டேன். ஒரு டிஸ்க் நாளைக்கே கெட்டுப்போனால் மறுபடி ஓட்டுக்குள் போட்டு, நல்ல பிள்ளை போலக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமே. அது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள், அண்ணாச்சியைக் கேளுங்கள்.

சில டிஸ்குகள் உரித்து உள்ளே வைத்தால் சுற்றாது. செத்துவிட்டது என்று நினைத்துச் சிலவற்றை மூலையில் போட்டுவிட்டோம். மின்சாரம் வாங்குகிற பல் வரிசையில் மூன்றாவது பல்லை மூடினால் ஓடும் என்று சீனுதான் எங்கோ படித்து வந்தான். சூடு தாங்கும் மஞ்சள் டேப்பை எறும்பு அகலத்துக்கு வெட்டி ஒட்டினேன். செத்தது எழுந்து உட்கார்ந்தது. செத்துப் பிழைத்த லாசருவைப் பற்றிச் சர்ச்சில் சாமியார் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த டேப்தான் ஞாபகம் வரும், மாதா மன்னிக்கட்டும்.

இன்னொரு தடவை ஏஜென்ட் ஒருவர் பேச்சைக் கேட்டு அண்ணாச்சி உள்ளங்கை அகலத்தில் சின்ன எக்ஸ்டர்னல்களை மூட்டையாக வாங்கிவிட்டார். முதல் ஓட்டைத் திறந்தேன். உள்ளே இருந்த டிஸ்கில், கம்ப்யூட்டருக்குள் செருகுகிற பல்லே இல்லை. வெளி ஒயர் செருகுகிற துளை அதன் உடம்போடு ஒட்டியிருந்தது. உரித்தாலும் அது எக்ஸ்டர்னல்தான். அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஏஜென்டுக்குப் போன் போட்டு, "சாயங்காலமா கடைக்கு வாங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்" என்றார். அந்த ஆள் அதற்குப் பிறகு எங்கள் சந்துப் பக்கமே வரவில்லை.

இப்போது மும்தாஜ் விஷயம்.

மும்தாஜ் எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடியில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் வைத்திருந்தார். ரவிக்கையின் முதுகிலும் கையிலும் மயில், யானை, மாங்காய் போடுகிற மெஷின். ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே நூல் மாற வேண்டும் என்று ஒவ்வொரு டிசைனையும் கம்ப்யூட்டரில் இவரே வரைந்து வைத்திருந்தார். பல வருடத்து வேலை. அந்த டிசைன் இல்லாவிட்டால் மெஷின் வெறும் மேஜை. ஒரு நாள் எக்ஸ்டர்னலைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்து அண்ணாச்சியிடம் நீட்டினார்.

"அண்ணா, ஒயர் சொருகுற எடம் லொடலொடன்னு ஆடுது. ஒரு கையால புடிச்சிக்கினே இருந்தாத்தான் வருது. இந்த டப்பாவே வேணாம், உள்ள இருக்கறத எடுத்து என் புது கம்ப்யூட்டர்ல வெச்சிக் குடுத்துடு."

சீனு கேட்டான். "வேற எங்கனா காப்பி வெச்சிக்கிறியாக்கா?"

"இதாம்பா காப்பி."

"அப்ப ஒரிஜினல்?"

"அது பழைய கம்ப்யூட்டரோட பூடுச்சு."

தீபாவளிக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் ஏற்கெனவே டிசைனைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மெஷினில் வேலை செய்ய வடக்கேயிருந்து வந்த இரண்டு பேர் இருந்தார்கள். மெஷின் நின்றால் அவர்கள் பக்கத்துக் கடையில் ஏறிவிடுவார்கள், பிறகு கிடைக்கமாட்டார்கள். "சீக்கிரம் குடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அன்றைக்கே திறந்தேன். காற்றுத் துளையெல்லாம் நூல் பஞ்சு. ஜரிகைத் தூள், சிவப்பு, பச்சை என்று ஒரு நார்த்தங்காய் அளவு திரண்டு வந்தது. ஊதி, துடைத்து, டிஸ்கைச் சீனுவிடம் கொடுத்தேன். போர்டை வழக்கம்போல் ஓட்டில் உட்கார வைத்து மூடி என் மேஜையில் வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கக் கீழே போனேன்.

அன்றைக்கு மகாளய அமாவாசை. மறுநாள் நவராத்திரி. மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமா வருடா வருடம் இந்த நாளில் வந்து காலி ஓடு கேட்பார். கொலுவுக்குக் கீழே அவர் ஊர் ஒன்று கட்டுவார், அதில் எங்கள் ஓடுகள்தான் அடுக்குமாடி வீடு. போர்டு உள்ளேயே இருப்பதால் அடாப்டரைச் செருகினால் முன்பக்கம் ஒரு விளக்கு எரியும். கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்கிற கெடு முடிந்த ஓடுகளைப் பரணிலிருந்து எடுத்து அண்ணாச்சி சாக்கில் போட்டுக் கொடுப்பார். அன்றைக்கும் கொடுத்தார். விளக்கு வைக்கும் நேரம். போகிற போக்கில் என் மேஜையைப் பார்த்திருக்கிறார். ஒரு ஓடு இருந்திருக்கிறது. அதையும் சாக்கில் போட்டு மேஜையை வெறுமையாக்கிவிட்டார். நான் தண்ணீரோடு மேலே வந்தபோது மேஜை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"இங்கே ஒரு ஓடு இருந்துச்சே" என்றேன்.

"போட்டும், தோலுதான?" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் சீனு டிஸ்கை மாட்டினான். டிஸ்க் சுற்றியது. ஆனால் கம்ப்யூட்டர், இதில் ஒன்றுமே இல்லை, புதிதாகத் துடைத்துத் தயார் செய்யட்டுமா என்று கேட்டது. சீனுவின் விரல் பொத்தான் மேல் இருந்தது. பின்னாலிருந்து அண்ணாச்சி, "வேண்டாம்னு சொல்லு" என்றார். சொன்னான். அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

பிறகு நவராத்திரி நாள் ஒவ்வொன்றாகப் போனது. சீனு என்னென்னவோ போட்டுப் பார்த்தான். மும்தாஜ் தினமும் வந்து நின்றார். முதலில் "ஆச்சாண்ணா?" என்று கேட்டார். பிறகு கேட்காமல் நின்றார். பிறகு சீனுவின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். மெஷின்காரர்களில் ஒருவன் பையைக் கட்டிவிட்டான் என்று சொன்னார்.

சரஸ்வதி பூஜை அன்று காலையில்தான் சீனுவுக்குப் பிடிபட்டது. சில ஓடுகளில் இருக்கிற போர்டு வெறும் போர்டு இல்லை. எழுதுவதையெல்லாம் பூட்டிப் பூட்டி டிஸ்குக்குள் அனுப்புமாம், திறக்கவும் அதே போர்டு வேண்டுமாம். பரணிலிருந்து அதே கம்பெனி போர்டு ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தான். அதே கம்பெனி, அதே அளவு, ஆனால் அதில் இருந்த சிப் வேறு. வாயே திறக்கவில்லை.

"அப்ப அந்த ஓடு வேணும்" என்றான் சீனு. "எங்க கீது செசிலிம்மா?"

நான் என் வெறும் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன். அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. பிறகு அண்ணாச்சி தெருப்பக்கம் திரும்பி, "ஒரு டீ" என்றார்.

"யாருக்கு அண்ணாச்சி?" என்று டீக்கடையிலிருந்து கேட்டார்கள்.

"எனக்குத்தான்."

முழுக் கிளாஸையும் குடித்தார். கீழே வைத்தார். மாமாவுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. பூஜைக்கு ஐயர் வந்து உட்கார்ந்துவிட்டார், அண்ணாச்சி நகர முடியாது. சீனு வெளியே ஓடி வண்டிக்கு மாலை வாங்க வேண்டும். "செசிலியம்மா, நீங்க போய்ட்டு வாரியளா? எந்தத் தோலுன்னு ஒங்களுக்குத்தான் அடையாளம் தெரியும்" என்றார்.

கடையில் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள். வாடிக்கைக்காரர் பெயர் கேட்டால்கூடச் சீனுவைக் கைகாட்டுவேன். போகமாட்டேன் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அந்த வாயைத் திறக்காத போர்டையும் கார்டுத் துண்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு அன்றைக்கும் வந்து நின்ற மும்தாஜின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன்.

மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு. கூடத்தில் படிப்படியாகப் பொம்மைகள். கீழே மாமாவின் ஊர். இந்த வருடம் வேளச்சேரி. பாலத்துமேல் ரயில், பெரிய கடைக் கட்டடம், எங்கள் ஓடுகளுக்குக் காகித ஜன்னல் ஒட்டி வரிசையாக அடுக்குமாடி. எல்லாமே ஒரு பெரிய தகரத் தட்டுக்குள் நின்றது. மாமா மழைநீர் வடிகால் போடுகிற உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கோ வாங்கோ. சரியான நேரத்துக்கு வந்தேள். இன்னிக்குத்தான் வெள்ளம் விடப்போறேன், எல்லாரும் வரா."

"வெள்ளமா?" என்றார் மும்தாஜ்.

"வேளச்சேரின்னா தண்ணி வேண்டாமோ? தரைத்தளம் முழுகணும். அப்பத்தான் தத்ரூபம்."

மும்தாஜ் அவருக்கும் தட்டுக்கும் நடுவில் போய் நின்றுவிட்டார். "மாமா, உன் கால்ல வுழறேன், தண்ணி ஊத்தாத. என் பொழப்பே அதுல ஒரு வூட்டுக்குள்ள கீது."

மாமாவுக்குப் புரியவில்லை. மாமி உள்ளேயிருந்து வந்தார். மும்தாஜ் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். டிசைன், தீபாவளி, பையைக் கட்டியவன், பூட்டு, போர்டு. மாமி முழுதும் கேட்டார். அவருக்குப் பாவமாகத்தான் இருந்தது, முகத்தில் தெரிந்தது.

"நேக்குப் புரியறதும்மா. ஆனா கொலு வெச்சாச்சுன்னா ஒண்ணையும் நகத்தப்படாது. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையப் படுக்க வெச்சு, மறுநாள்தான் எடுப்போம். இன்னிக்கு ஒன்பதாம் நாள். இத்தனை வருஷத்துல ஒரு பொம்மையத் தொட்டதில்ல."

"மாமி, அது பொம்ம இல்ல, டப்பா."

"கொலுவுல வந்தா எல்லாம் பொம்மைதான்."

"அப்ப தண்ணியாச்சும் ஊத்தாம இருக்கச் சொல்லுங்க."

"ஊரெல்லாம் வெள்ளம் பாக்க வரச் சொல்லியாச்சேடி" என்றார் மாமா, மும்தாஜ் தன் பெண் மாதிரி.

மும்தாஜ் திரும்பி என்னைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்க அங்கே ஆள் இல்லை. எப்படிச் சொன்னேன் என்று தெரியாது, சொல்லிவிட்டேன்.

"நகத்த வேணாம்மா. நின்ன எடத்துலயே தொறக்கறேன். ஓடு அங்கயே இருக்கும். உள்ள இருக்கறத மட்டும் எடுத்துக்கறேன்."

மாமி யோசித்தார். "இன்னிக்கு ஆயுதம் எடுக்கப்படாதே."

கார்டுத் துண்டுகளைக் காட்டினேன். "ஆயுதம் இல்லம்மா, பழைய ஏ.டி.எம். கார்டு."

"ஏன்னா, நீங்க என்ன சொல்றேள்?"

"வீட்டைக் காலி பண்றா, வீட்டை இடிக்கல. தப்பில்ல" என்றார் மாமா.

"சரி. ஆனா உள்ள வெறுமனே விடப்படாது. எடுத்தா பதிலுக்கு ஒண்ணு வெக்கணும்" என்றார் மாமி.

எதை வைப்பது என்று மும்தாஜ் கையைப் பிசைந்தார். என் பையில்தான் அந்த வாய் திறக்காத போர்டு இருந்ததே. எடுத்துக் காட்டினேன்.

அப்புறம்தான் அடுத்த கஷ்டம். அத்தனை வீட்டுக்கும் ஒரே மாதிரி ஜன்னல் ஒட்டியிருந்தது. அடியில் உள்ள கம்பெனிச் சீட்டைப் பார்க்க வேண்டுமானால் தூக்க வேண்டும். தூக்கக் கூடாது. எனக்கு அடையாளம் தெரியும் என்று அண்ணாச்சி நம்பி அனுப்பியிருந்தார். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து ஒன்றைத் திறந்தேன், அது இல்லை. மூடிவிட்டு இன்னொன்று, அதுவும் இல்லை. வாசலில் பட்டுப்புடவைகள் வர ஆரம்பித்துவிட்டன. மாமா வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

மும்தாஜ் தட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், குப்புறப் படுத்து, ரயில் பாலத்துக்கு அடியில் தலையை விட்டார். ஒவ்வொரு வீட்டின் முதுகையும் பார்த்தார். முதலாளி தோரணையெல்லாம் போய், தரையில் கிடந்தார். திடீரென்று, "அக்கா, இங்க வா. இந்தத் துளையில பாரு" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நூலு கீதுக்கா. குங்குமப்பூ கலரு. போன வருஷம் ஒரு கல்யாணப் பொண்ணுக்காகத் தனியா வரவெச்சேன். இந்த மெட்ராஸ்ல வேற யாருகிட்டயும் இந்த கலரு கெடையாது."

நான் ஊதித் துடைத்ததில் ஒரு மயிரிழை தப்பியிருக்கிறது. சுத்தமாகத் துடைத்திருந்தால் கதை கெட்டிருக்கும். அந்த வீட்டைத் திறந்தேன். அவசரத்தில் ஒரு கொக்கி இரண்டு தரம் கடித்துக்கொண்டது. ஆடுகிற துளையோடு போர்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. எடுத்து மும்தாஜ் கையில் கொடுத்தேன். பதிலுக்கு மற்ற போர்டை வைத்து மூடி அடாப்டரைச் செருகினேன். எல்லா வீட்டிலும் நீல விளக்கு, அதில் மட்டும் வெள்ளை.

"நன்னாருக்கு. எல்லா பிளாட்லயும் ஒருத்தன் இப்படித் தனியா ஒரு பல்ப் போடுவான்" என்று சொல்லிவிட்டு மாமா வாளியைச் சாய்த்தார்.

தண்ணீர் தரைத்தளத்தை மூடி மேலே ஏறியது. வடிவதற்குத் தட்டின் மூலையில் அவரே ஒரு குழாய் வைத்திருந்தார். அது அடைத்துக்கொண்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வந்தவர்கள் கை தட்டினார்கள். அப்படியே இருக்கிறது மாமா, அசல் என்றார்கள்.

மாமி எங்கள் இருவருக்கும் சுண்டலும், வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு ரவிக்கைத் துணியும் கொடுத்தார். தெருவுக்கு வந்ததும் மும்தாஜ் அந்தத் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "பாலியஸ்டர்" என்றார். பல நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவர் சிரித்தார். ஆனால் போர்டை மட்டும் என்னிடமும் தரவில்லை, கைப்பையிலும் போடவில்லை. உள்ளங்கையில் மூடிக்கொண்டு ஒரு கையால் வண்டி ஓட்டினார். நான் வழியெல்லாம் அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தேன், போர்டுக்காக இல்லை.

கடைக்கு வந்தால் பூஜை முடிந்திருந்தது. போர்டில் ஆடுகிற துளைக்கு ஈயம் வைத்துப் பற்ற வைக்க வேண்டும். சால்டரிங் அயர்ன் சந்தனம் குங்குமத்தோடு சாமிக்கு முன்னால் இருந்தது. மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை யாரும் தொடமாட்டார்கள். மும்தாஜ் சண்டை போடவில்லை. நாளைக்கு விடிந்ததும் வருகிறேன் என்று போர்டோடு போய்விட்டார்.

விஜயதசமி அன்று நம் கடைகளில் முதல் வேலையை எப்படிப் பார்ப்பார்கள் என்று இந்த மலரைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் எடுத்த காரியம் நன்றாக முடிந்தால் வருடம் முழுக்க நன்றாக முடியும். அதனால் அண்ணாச்சி எப்போதும் அன்றைக்குத் தோற்கவே முடியாத வேலையாகப் பார்த்து வைப்பார். புது ஒயரை ஒரு தரம் செருகி எடுப்பது, அந்த மாதிரி. அன்றைக்குச் சீனு புது ஒயரை எடுத்து மேஜையில் தயாராக வைத்திருந்தான். மும்தாஜ் வாசலில் நின்றார்.

"ஏல, அத எடுத்து அங்கிட்டு வை" என்றார் அண்ணாச்சி. "மொத சோலி இவங்களது."

சீனு திகைத்துவிட்டான். "அண்ணாச்சி, இது ஓடுமான்னே தெரியாது. ஊத்திக்கிச்சுன்னா வருஷம் பூரா நமக்கு..."

"ஊத்திக்கிட்டா வருசம் பூரா இதையே உக்காந்து பாப்போம். பத்த வையில."

மும்தாஜிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கில் போட்டது யார் என்று மும்தாஜும் கேட்கவில்லை. சீனு ஈயத்தை உருக்கி வைத்தான். நான் டிஸ்கின் பல்லில் போர்டைச் செருகினேன். ஓடில்லாமல் இரண்டும் மேஜையில் கிடந்தன, அண்ணாச்சியின் மேஜையில். சீனு ஒயரைச் செருகினான். கம்ப்யூட்டர் வழக்கம்போல் ஏதோ கேட்டது. அண்ணாச்சி, சீனு, நான் மூன்று பேரும் ஒன்றாக "வேண்டாம்" என்றோம். பிறகு திறந்தது.

வரிசையாக மயில், யானை, கோபுரம், மாங்காய். மும்தாஜ் ஒன்றை மட்டும் திறக்கச் சொன்னார். ஒரு பெரிய மயில், தோகையெல்லாம் முடிந்து, கண் இல்லாமல் நின்றது.

"ஒயரு புட்டுக்கிச்சுன்னு பாதியில நிறுத்தினேன். கண்ணு போடல. அப்பிடியே கீது" என்றார். அதற்கப்புறம் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னாண்ணா பாத்துக்கினு நிக்கறீங்க, காப்பி போடுங்க, ரெண்டு எடத்துல போடுங்க" என்று எங்களை விரட்டினார். பையைக் கட்டியவன் அன்று மத்தியானமே பையை அவிழ்த்துவிட்டான் என்று கேள்வி. அந்த டிஸ்க் மட்டும் எந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் போகவில்லை. போர்டை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு டிபன் டப்பாவில் மும்தாஜின் அலமாரியில் இருந்தது.

இவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருப்பது. திவ்யா, அச்சுக்குப் போகுமுன் நீ ஒரு தரம் சரிபார்த்துவிடு. டேப் ஒட்ட வேண்டியது மூன்றாவது பல்தானா, அதை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று பார்த்து எழுது. நான் விரலால் தடவித்தான் எண்ணுவேன், பக்கம் சொல்லத் தெரியாது. போர்டு பூட்டுகிற விஷயத்தைச் சீனுவிடம் கேட்டுக்கொள். நூல் குங்குமப்பூ கலர்தானா என்று மும்தாஜிடம் கேள், தப்பாகப் போட்டால் அவருக்குக் கோபம் வரும். அண்ணாச்சி முதல் சோலி என்று சொன்னதை மட்டும் அவரிடம் போய்க் கேட்காதே. அப்படியெல்லாம் நான் சொல்லவே இல்லை என்பார். அதை நான் என் காதால் கேட்டேன், அப்படியே இருக்கட்டும்.